கேள்வித்தாளில் இல்லாத பல் டாக்டர்

அக்டோபர் 15, செவ்வாய்

இன்று மாலை ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். வகுப்புக்கு ஆறாவது கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, கணினியில் ஏழாவது ஒலிப்பதிவை ஓட விட்டுவிட்டேன். பென் டிரைவில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. விரல் ஒரு வரி கீழே போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர் இருந்தும் அதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நானும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

முதலிலிருந்து ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். உயர்நிலை இரண்டாம் ஆண்டு, ஆறாம் பிரிவுக்கு நான்தான் ஆங்கிலப் பொறுப்பாளர். மாலைப் படிப்பு தொடங்குவதற்கு முன், ஆசிரியர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில், கேட்டல் பயிற்சியை நடத்துவது என் வேலை. தாளைக் கொடுப்பேன், பதிவைப் போடுவேன், நானும் உட்கார்ந்து எழுதுவேன், பிறகு எழுந்து விடைகளை வாசிப்பேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் தாளை மாற்றித் திருத்திக்கொள்வார்கள். மதிப்பெண்களை ஃபாங் டீச்சரின் மேசையில் கொண்டுபோய் வைப்பேன். இன்றும் எல்லாம் அப்படியே நடந்தது. வகுப்புச் சராசரி வழக்கமாக இருபதுக்குப் பதினொன்று வரும். இன்று ஒன்பதரை வந்தது. கொஞ்சம் கடினமான தாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பதின்மூன்று.

ஜியா போவெனுக்குப் பதினான்கு. மேசையில் அடுக்கிவைத்த புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று, கேட்காதவர்களுக்கும் சேர்த்து விளக்கம் கொடுத்தான்.

"மூணு விடையில ரெண்டு நீளமா, ஒண்ணு குட்டையா இருந்தா குட்டையப் போடு. முதல்ல காதுல விழுற விலை எப்பவுமே தப்பு. ஆம்பள ஒண்ணு சொல்லி பொம்பள ஒண்ணு சொன்னா, பொம்பள சொன்னதுதான் சரி. இதுக்கெல்லாம் காது எதுக்குடா?"

என் பக்கத்து இருக்கையில் இருக்கும் தாவ் லிங்ஹுய்க்குப் பூஜ்யம். அவள் ஒரு விடையையும் குறிக்கவில்லை. திருத்துவதற்கு எனக்கு வேலையே இருக்கவில்லை.

"ஜப்பானியத்துக்கே போயிடு தாயி," என்றான் போவென். "அங்கயாச்சும் கார்ட்டூன் போட்டுக் காட்டுவாங்க."

பின்வரிசை சிரித்தது. லிங்ஹுய் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

போவென் சும்மா சொல்லவில்லை. ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களை ஜப்பானியக் குழுவுக்கு மாற்றப்போகிறார்கள். கல்லூரியில் சேர எழுதும் பெரிய தேர்வில் ஆங்கிலத்துக்குப் பதிலாக ஜப்பானியம் எழுதலாம், புதிதாகப் படிப்பவர்களுக்கும் அதில் சுமாரான மதிப்பெண் வந்துவிடும். பலருக்கு அது நல்ல வழிதான். லிங்ஹுய்க்கு அல்ல. அவள் அப்பா ஆற்றில் மணல் ஏற்றும் படகில் இயந்திரம் பார்க்கிறார். அவளுக்கு அதைவிடப் பெரிய இயந்திரம் வேண்டும், கடலில் போவது. கப்பல் இயந்திரப் படிப்புக்கு ஆங்கிலம் எழுதியவர்களை மட்டும்தான் சேர்க்கிறார்கள். பட்டியல் வெள்ளிக்கிழமை முடிகிறது. எங்கள் வகுப்பாசிரியர் குவோ சார் இந்த வாரக் கேட்டல் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பெயர் சேர்ப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

இடைவேளையில் வெந்நீர்க் குழாய் வரிசையில் நின்றபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சூயி, ஒண்ணு கேட்டா சிரிக்கமாட்டியே?"

"கேளு."

"அந்தப் பல் டாக்டர் கதைக்குக் கேள்வி எங்கடி இருந்துச்சு?"

"எந்தப் பல் டாக்டர்?"

"ஒரு ஆளு பல் வலின்னு போறான். டாக்டர் வேற ஊர்ல மாட்டிக்கிட்டாரு, ரயில் தாமதம்ங்கிறாங்க. அப்புறம் ஒரு பொண்ணு குடைய பஸ்ல விட்டுட்டு வந்து அம்மாகிட்ட திட்டு வாங்குறா. தாள்ல தேடித் தேடிப் பாத்தேன். பல்லும் இல்ல, குடையும் இல்ல. சரி, எனக்கு ஒரு எழவும் புரியலன்னு விட்டுட்டேன்."

என் குடுவை நிரம்பி வழிந்து கையில் சுட்டது. வகுப்புக்கு ஓடி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவை மறுபடி கேட்டேன். பல் டாக்டர் இருந்தார். ரயில் தாமதம் இருந்தது. பஸ்ஸும் குடையும் அம்மாவும் இருந்தார்கள். ஆறாம் தாளில் இருந்ததோ ஒரு நூலகமும் பிறந்தநாள் கேக்கும். நாங்கள் ஐம்பத்தொரு பேரும் பல் டாக்டரைக் காதில் வாங்கிக்கொண்டு கேக்கைப் பற்றி விடை எழுதியிருக்கிறோம். உண்மையில் கேட்டவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் பூஜ்யம்.

மதிப்பெண்கள் ஏற்கெனவே ஃபாங் டீச்சர் மேசைக்குப் போய்விட்டன. நாளை போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் வகுப்பே என்னை முறைக்கும். பொறுப்பும் போகலாம். இதை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்: சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

ஃபாங் டீச்சர் ஆசிரியர் அறையில் எள் விழுது போட்டுக் கிளறிய நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இரவு மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் பாதியில் அறுந்துபோனது. மீதியை எப்படியோ உளறிமுடித்தேன். அவர் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்தார்.

"போவெனுக்கு எவ்வளவு?"

"பதினாலு டீச்சர்."

"பதிவே இல்லாம?"

"பதிவு இருந்துச்சு டீச்சர். வேற பதிவு."

அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். "தேர்வுக்குத் தேர்வு நம்ம வகுப்புக்குக் கேட்டல்ல ஏன் அடி விழுதுன்னு ஒரு வருஷமா மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்கேன். வா, குவோ சார்கிட்ட போலாம்."

குவோ சாருக்குக் கணக்குப் பாடம். அவர் மேசை அறையின் எதிர்மூலையில். சட்டைக் கையெல்லாம் சுண்ணக்கட்டித் தூள். பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பதிவு எல்லாருக்கும் ஒண்ணுதான?"

"ஆமா சார்."

"தாளும் எல்லாருக்கும் ஒண்ணுதான?"

"ஆமா சார்."

"அப்ப ஒப்பிடலாம். மத்தவங்க ஒன்பது எடுத்த இடத்துல அந்தப் பொண்ணு பூஜ்யம். இதுல என்ன அநியாயம்?"

அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் ஃபாங் டீச்சர் பேசினார்.

"குவோ சார், உங்க பையன் ஒருத்தன் கணக்கையே படிக்காம விடை மட்டும் குறிச்சு ஒன்பது எடுக்கிறான்னு வைங்க. தட்டிக் கொடுப்பீங்களா?"

"முதுகுல தட்டுவேன். பலமா."

"அப்ப உங்களுக்கு இன்னிக்கு ஐம்பத்தொரு முதுகு இருக்கு."

குவோ சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார்.

"பதின்மூணு சார்."

"கேக்காமலா?"

"கேக்கிறேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன் சார்."

கடைசியில் ஒன்று முடிவானது. நாளை மாலை ஃபாங் டீச்சர் புதிய பதிவு ஒன்று கொண்டுவருவார். முதலில் பதிவு, அது முடிந்த பிறகுதான் கேள்வித்தாள். குவோ சாரும் வந்து உட்காருவார்.

மைதானத்து ஓரம் லிங்ஹுயிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்தே அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன்டி. ஜப்பானியம் எடுக்கப்போறேன், கப்பல் வேணாம்னு."

"என்ன சொன்னாரு?"

"சரின்னாரு. சாப்பிட்டியான்னு கேட்டுட்டு, மறுபடியும் சரின்னாரு."

"என் மேல கோவமா?"

"கோவந்தான். அந்த வெந்நீர் வரிசையில நீ மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு ஓடுனப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

நியாயம்தான்.

அக்டோபர் 17, வியாழன்

குவோ சார் கடைசி வரிசையில் போவென் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஃபாங் டீச்சர் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். தவறு என்னுடையது என்று நானும் எழுந்து சொன்னேன். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போவென் வாயைத் திறந்து, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

பதிவு ஓடியது. மேசையில் தாள் இல்லை. அப்படிக் கேட்பது எனக்கு இதுவே முதல்முறை. கண்ணுக்குப் பிடிமானம் இல்லாமல், இருட்டில் படி இறங்குவது போலிருந்தது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான். அடுத்த சொல் வரும்போது முந்தையது போய்விடுகிறது. பக்கத்தில் லிங்ஹுய் ஒரு வெற்றுக் காகிதத்தில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்: ஒரு கோடு, அதன் மேல் ஒரு வட்டம், ஒரு பெட்டி, அம்புக்குறி. ஆற்றோரத்து ஊரில் அவள் முன்பு படித்த பள்ளியில் நகல் எடுக்கும் இயந்திரம் பாதி நாள் கெட்டுக்கிடக்குமாம். அதனால் கேள்வித்தாள் என்ற ஒன்றே கிடையாது. வாத்தியார் கதையை வாசிப்பார், பிள்ளைகள் கேட்டதைப் படமாகப் போடுவார்கள், பிறகு படத்தைப் பார்த்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

பதிவு முடிந்ததும் தாள் வந்தது. விடை வாசித்து முடித்தபோது வகுப்புச் சராசரி ஆறு. போவெனுக்கு ஐந்து. எனக்கு ஏழு. இதற்கு முன் ஏழு என்ற எண்ணை என் பெயருக்கு எதிரே எழுதியதே இல்லை.

லிங்ஹுய்க்குப் பதினொன்று. அவள் பதினொரு கேள்விக்குத்தான் விடை குறித்திருந்தாள். எல்லாமே சரி. மீதி ஒன்பது கேள்விகளை வாசித்து முடிப்பதற்குள் நேரம் ஆகிவிட்டது.

குவோ சார் எழுந்து முன்னால் வந்து அவள் தாளை வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"காது இருக்கு," என்றார். "ஆனா உண்மையான தேர்வுல பதிவு உனக்காக நிக்காது. கேள்வி ஒரு பக்கம் ஓடும், பேச்சு ஒரு பக்கம் ஓடும். நீ இப்படி எறும்பு மாதிரி எழுத்து எழுத்தா வாசிச்சா என்ன பிரயோசனம்?"

"வேகமா வாசிக்கக் கத்துக்கிறேன் சார்."

"மாசத் தேர்வு இருபத்தொன்பதாம் தேதி. அதுல கேட்டல்ல பன்னிரண்டு எடு. எடுத்தா உன் பேரு இங்கயே இருக்கும். அதுவரைக்கும் பட்டியல்ல உன் இடத்தக் காலியா வச்சிருக்கேன். பதினொண்ணு எடுத்துட்டு வந்து என்கிட்ட அழக் கூடாது."

"அழமாட்டேன் சார்."

பதிவும் தாளும் ஒன்றாக ஓடும் வழக்கமான பயிற்சிகளில் அவள் இதுவரை எடுத்த அதிகபட்சம் எட்டு.

அக்டோபர் 22, செவ்வாய்

நானும் லிங்ஹுயும் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். நான் அவளுக்கு வாசிக்கச் சொல்லித்தருகிறேன். அவள் எனக்குக் கேட்கச் சொல்லித்தருகிறாள். யார் அதிகம் திணறுகிறோம் என்று சொல்வது கடினம்.

அவள் ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் மனதுக்குள் நம் மொழிக்கு மாற்றி முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போகிறாள். அதை உடைக்க வேண்டும். ஒரு கேள்வியை ஒரு சீட்டில் எழுதிக் காட்டுவேன், ஒரு மூச்சு விடும் நேரத்தில் சீட்டைக் கவிழ்த்துவிடுவேன். கேள்வி யாரைப் பற்றி, எங்கே, ஏன் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

காலை ஓட்டத்துக்கு வகுப்பு முழுக்க மைதானத்தில் நெருக்கமாக வரிசையில் நிற்கும்போது ஆளுக்கொரு சிறு சீட்டை மூக்குக்கு நேரே பிடித்துப் படிப்பது எங்கள் பள்ளி வழக்கம். மற்றவர்கள் வேதியியல் சூத்திரம் வைத்திருப்பார்கள். நாங்கள் கேள்விகளை வைத்துக்கொண்டோம்.

"பெண் ஏன் கடைக்குத் திரும்பி வந்தாள்," என்று அவள் முணுமுணுத்தாள்.

"அது நேத்துக் கேள்விடி. சீட்டப் பாத்துச் சொல்லு."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். முன்னால நிக்கிறவ தலைமுடி மறைக்குது."

விசில் ஊதியதும் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஓடும்போது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. உடற்பயிற்சி சார் பக்கவாட்டில் ஓடிவந்து, "ஆறாம் பிரிவு, அங்க என்ன மாநாடு?" என்றார். எங்களுக்குப் பின்னால் ஓடிய இரண்டு பெண்கள், "அந்தப் பொம்பள எதுக்குதான் திரும்பி வந்தா?" என்று கேட்டார்கள். அடுத்த நாள் அவர்களும் சீட்டு கேட்டார்கள்.

என் பக்கம் நிலைமை மோசம். பதிவு ஓடும்போது நான் படம் வரைய வேண்டும். என் ஆள் உருளைக்கிழங்கு மாதிரி வருகிறான். நான் சுவர் வரைந்து முடிப்பதற்குள் கதை ஊரைவிட்டே போய்விடுகிறது.

"உன்ன யாரு செங்கல் எண்ணச் சொன்னா?" என்றாள் லிங்ஹுய். "வீடுன்னா ஒரு கூரை. அழுறான்னா ஒரு சொட்டு. போதும்டி."

இன்னொன்றும் நடந்தது. நேற்று வாசிப்புப் பகுதி ஒன்றுக்கு நான் ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு, "கதை என்ன, சொல்லு," என்றாள். என்னால் முடியவில்லை. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருப்பதை விடையாகக் குறித்திருக்கிறேன். அது ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. மாலை முழுக்க அது மனதை விட்டுப் போகவில்லை. இத்தனை வருடம் எதைப் படித்தேன் என்று சந்தேகமாக இருக்கிறது.

இன்றைய கேட்டல் பயிற்சியில் வகுப்பின் பாதிப் பேர் தாளைக் கவிழ்த்து வைத்துக் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. போவென் மட்டும் கவிழ்க்கவில்லை. ஆனால் அவனுடைய தாளின் ஓரத்தில் ஒரு நாயின் படம் இருந்ததைப் பார்த்தேன். பதிவில் ஒரு நாய் தொலைந்துபோகிறது.

"அது என்ன?" என்றேன்.

"மை கொட்டிருச்சு," என்றான்.

லிங்ஹுய் இன்று பத்து.

அக்டோபர் 29, செவ்வாய்

மாதத் தேர்வு. எனக்கும் லிங்ஹுய்க்கும் ஒரே அறை, அவள் இரண்டு வரிசை முன்னால். காலையில் உணவுக்கூடத்தில் அவள் தாமரைக்கிழங்கு சூப்பை அப்படியே வைத்துவிட்டாள். சீட்டுகளைக் கடைசியாக ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கி இரண்டு முறை கொரகொரத்து, சோதனைக்கான பாட்டைப் போட்டு, நிறுத்தி, தொடங்கியது. முதல் பகுதியில் உரையாடல்கள் குட்டிக் குட்டியாக, ஒருமுறை மட்டுமே வரும். நான் எழுதிக்கொண்டே அவள் முதுகைப் பார்த்தேன். அவள் தலை தாளில் ஒரு நொடி தாழ்ந்து, நிமிர்ந்து, ஒலிபெருக்கியைப் பார்த்தது. மறுபடி தாழ்ந்தது. கேள்விக்கு ஒரு மூச்சு, பேச்சுக்கு மீதி. ஓட்டத்தில் செய்தது போலவே.

நீளமான உரைகள் இரண்டு முறை வரும். கடைசி உரை ஒரு மலையேற்றக்காரர் பேசுவது. அவர் பேசத் தொடங்கிய அதே நேரத்தில், பள்ளிச் சுவருக்கு வெளியே பழைய சாமான் வாங்குபவரின் மூன்று சக்கர வண்டி வந்தது. அதன் ஒலிபெருக்கி எங்களுடையதைவிடப் புதியது.

"பழைய ஃபிரிஜ், பழைய ஏசி, பழைய டிவி, பழைய வாஷிங் மெஷின் வாங்கறோம்."

மலையேற்றக்காரர் வாயசைப்பது போலிருந்தது. வண்டி நகரவில்லை. யாரோ எதையோ விற்கிறார்கள் போலிருக்கிறது. மேற்பார்வை டீச்சர் ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். முதல் முறை முழுக்க வாஷிங் மெஷினோடு போய்விட்டது. அறையில் ஒரு சலசலப்பு. வழக்கமாக முதல்முறையில் விடையைப் பிடித்து இரண்டாம் முறையில் சரிபார்ப்போம். இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு முறை.

பழைய பழக்கம் என் கையைப் பிடித்து இழுத்தது. மூன்று விடைகளில் ஒன்று குட்டையாக இருந்தது. பென்சில் அதன் மேல் போய் நின்றது. நான் தாளைக் கவிழ்த்தேன். இதைச் செய்யும்போது சரியென்று தெரிந்து செய்யவில்லை, பயந்துதான் செய்தேன்.

வண்டி ஒருவழியாகக் கிளம்பியது. மலையேற்றக்காரர் இரண்டாம் முறை பேசினார். ஒரு கூம்பு போட்டேன், அது மலை. ஒரு சொட்டு. அவர் அழவில்லை, மழை என்று புரிந்தது. உச்சிக்குப் போகவில்லை, பாதியில் திரும்பினார்; கூட வந்தவரின் காலில் அடி. அம்புக்குறியைக் கீழ்நோக்கிப் போட்டேன். பேச்சு முடிந்தபோது என் முன்னால் கேவலமான ஒரு படமும் முழுதான ஒரு கதையும் இருந்தன. தாளைத் திருப்பி நான்கு விடைகளைக் குறித்தேன்.

வெளியே வந்ததும் நடைபாதையில் லிங்ஹுய் என் கையைப் பிடித்தாள்.

"அந்த ஆளு உச்சிக்குப் போகலதான?"

"போகல."

"கூட வந்தவன் காலு?"

"ஆமா, கால்தான்."

பின்னால் போவென் தன் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "அந்தப் பழைய டிவிக்கு எவ்வளவு தர்றாருன்னு ஒரு கேள்வி வச்சிருந்தா நூத்துக்கு நூறுடா." பிறகு எங்களைப் பார்த்து நின்றான். "ஏய், உண்மையா சொல்லுங்க. உச்சிக்குப் போகலதான?"

"நீ எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றாள் லிங்ஹுய்.

"குட்டையான விடையில உச்சிக்குப் போனான்னு இருந்துச்சு. போடத்தான் போனேன். ஆனா காதுல வேற விழுந்துருச்சு, என்ன பண்ண?"

நவம்பர் 1, வெள்ளி

வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

கடைசிப் பாடவேளையில் குவோ சார் விடைத்தாள் கட்டோடு வந்தார். முதலில் கணக்கு. அதைத் திட்டி முடிக்கவே பாதி நேரம் போனது. பிறகு ஆங்கிலக் கேட்டல். எங்கள் ஆண்டில் பத்துப் பிரிவுகள். போன மாதம் நாங்கள் எட்டாவது.

"இந்தத் தடவை ரெண்டாவது," என்றார், கணக்கில் விடை சொல்லும் அதே குரலில்.

யாரும் உடனே நம்பவில்லை. கடைசி வரிசையில் ஒருவன், "சார், தலைகீழா பாக்குறீங்களா?" என்றான்.

"நீ வேணா வந்து நேராப் பாரு. கடைசி உரைக்கு நாலு கேள்வி. வண்டிக்காரன் புண்ணியத்துல மத்த பிரிவுக்காரங்க பாதிப் பேரு மலை உச்சியில கொடி நட்டுட்டாங்க. நம்ம ஆளுங்க முப்பத்தெட்டுப் பேரு ஒழுங்கா பாதியில இறங்கியிருக்காங்க."

அப்போதுதான் வகுப்பு மேசையைத் தட்டத் தொடங்கியது. அவர் தட்டட்டும் என்று விட்டார். அவர் அப்படி விட்டதை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பதினாறு வந்திருந்தது. முன்பும் பதினாறு வாங்கியிருக்கிறேன், ஆனால் இந்த முறை அந்தப் பதினாறு விடைகளுக்கும் பின்னால் இருக்கும் கதையை என்னால் சொல்ல முடியும். போவெனுக்குப் பதின்மூன்று. தன் பழைய எண்ணைவிட ஒன்று குறைவு என்று யாரும் கேட்காமலே அறிவித்தான்.

"தாவ் லிங்ஹுய்."

அவள் எழுந்தாள். தட்டல் நின்றது.

"நான் எவ்வளவு கேட்டிருந்தேன்?"

"பன்னிரண்டு சார்."

"நீ எவ்வளவு எடுத்திருக்கேன்னு நெனைக்கிற?"

"பன்னிரண்டு விடை குறிக்கிறப்பவே உறுதியா தெரிஞ்சது சார். மிச்சம் தெரியல."

"பதினேழு," என்றார். "இருபதும் குறிச்சிருக்க. ஒண்ணக்கூட விடல." விடைத்தாளை அவளிடம் நீட்டினார். "காலியா வச்ச இடத்துல நேத்து ஒரு கோடு போட்டுட்டேன். ஜப்பானியக் குழுவுக்கு நீ கிடையாது. இனிமே என் கணக்கையும் கொஞ்சம் காதுல வாங்கு."

அவள் தாளை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அழமாட்டேன் என்று சொல்லியிருந்தாள், அழவில்லை. தாளை என் பக்கம் தள்ளி, பதினேழைச் சுண்டுவிரலால் ஒருமுறை தொட்டுக் காட்டினாள்.

மாலை உணவு நேரத்தில் மாடிப்படி அருகே இருக்கும், காசு அட்டை போட்டுப் பேசும் தொலைபேசிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அப்பாவைப் பிடிப்பதற்கு மூன்று முறை எண் அழுத்த வேண்டியிருந்தது. இயந்திர இரைச்சல் எனக்கும் கேட்டது.

"அப்பா, ஜப்பானியம் இல்ல. இங்கிலீஷ்தான். கப்பல்தான்."

"என்ன?"

"கப்பல்ப்பா. பதினேழு எடுத்திருக்கேன். குவோ சார் என்னை ஜப்பானியப் பட்டியல்ல சேக்கல."

"சத்தமா சொல்லு, ஒண்ணும் கேக்கல."

"பதினேழுன்னு சொல்றேன்ல. நீங்க முதல்ல அந்த இயந்திரத்த விட்டுத் தள்ளி வாங்க."

இரைச்சல் குறைந்தது. அவள் எல்லாவற்றையும் மறுபடி மெதுவாகச் சொன்னாள். லிங்ஹுய் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவர் யாரையோ கூப்பிட்டு என்னவோ சொல்வது கேட்டது. அடுத்த நொடி படகின் சங்கு ஊதியது. நீளமாக, நிற்காமல், மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி. மேலே ஏறிக்கொண்டிருந்த முதலாண்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, போதும்," என்றாள் லிங்ஹுய். "ஆத்துல இருக்கவங்க எல்லாம் பயந்துக்கப் போறாங்க."

சங்கு நிற்கவில்லை. அவளும் தொலைபேசியை வைக்கவில்லை. நான் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அட்டையில் காசு தீரும்வரை இருவரும் அதைக் கேட்டோம். பிறகு உணவுக்கூடத்துக்கு ஓடினோம். அவள் இரண்டு தட்டுச் சோறும் என் தட்டிலிருந்த மீன் துண்டும் சாப்பிட்டாள்.

போவென் எங்கள் மேசைக்கு வந்து நின்றான். "அந்தக் காலை ஓட்டச் சீட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டான். "சும்மா கேக்கிறேன். என் தம்பிக்கு."

"உனக்குத் தம்பி கிடையாதே," என்றாள் லிங்ஹுய்.

"பொறந்தா தேவைப்படும்ல."

நாளை சனிக்கிழமை, காலை வாசிப்பு எங்கள் கையில். ஃபாங் டீச்சர் அனுமதி கொடுத்துவிட்டார். செய்ய வேண்டியது: நீளமான வாசிப்புப் பகுதி ஒன்றை எடுத்து, பத்தி பத்தியாக வெட்டி, இரண்டிரண்டு பேருக்கு ஒரு பத்தி கொடுக்க வேண்டும். வாசித்து முடித்ததும் தாளை வாங்கிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜோடியும் தங்கள் பத்தியைத் தாள் இல்லாமல் சொல்ல வேண்டும். கேள்விகள் கடைசியில்தான். இருபத்தாறு துண்டுகள் வேண்டும். கத்தரிக்கோலை லிங்ஹுய் கொண்டுவருகிறாள்.